பிள்ளையின் பின்னேரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

(மாதர் அணித் தலைவிமார், தோட்டக் கிளைத் தலைவர்கள் ஒன்றுகூடலில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையும், அதன்பின் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களும்)



சம்பளம், கொழுந்து கிலோ, வீட்டுக்குக் காணி என்று நாம் வழக்கமாகப் பேசும் இந்த மேடையில், இன்று பிள்ளைகளின் பின்னேரத்தைப் பற்றிப் பேசும்படி மாதர் அணி எங்களைக் கேட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. கிளைகளுக்குப் போகும்போது இரண்டு விதமான முறைப்பாடுகள் எங்களிடம் வருகின்றன. ஒரு தோட்டத்தில் தாய் சொல்கிறார்: "பிள்ளையை நடனம், பேண்ட், விளையாட்டு என்று தினமும் மறிக்கிறார்கள். இருட்டின பிறகுதான் லயத்துக்கு வருகிறாள். உடுப்புக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு. படிப்பதற்கு நேரமே இல்லை." அடுத்த தோட்டத்தில் இன்னொரு தாய் சொல்கிறார்: "எங்கள் பாடசாலையில் ஒன்றுமே இல்லை. ஒன்றரை மணிக்கு வந்து பையை எறிந்தால் இரவுவரைக்கும் போன்தான். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை."

ஒருவருக்குக் கூடிப்போனது, மற்றவருக்கு இல்லாமல் போனது. இரண்டு தாய்மாரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்யவேண்டும், எந்த வயதில் செய்யவேண்டும், எவ்வளவு செய்தால் போதும்? பாடசாலையில் இவற்றை இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்பார்கள். விளையாட்டு, பாட்டு, நடனம், நாடகம், பேச்சு, சாரணர், பேண்ட் வாத்தியம், மாணவர் மன்றம், சதுரங்கம் எல்லாம் இதற்குள் வரும்.

இவை அவசியமா?

"படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையில் முதுகு வளைந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் வெளியே போகும் வழியாகத் தெரிகிறது. அந்த வழியில் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று நினைப்பது நியாயம்.

ஆனால் சில விடயங்களை எடுத்துப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆவது உறுப்புரை ஓய்வு, விளையாட்டு, கலைகளில் பங்குபற்றுதல் ஆகியவை பிள்ளையின் உரிமை என்று சொல்கிறது. நமக்கு லீவு எப்படி உரிமையோ, பிள்ளைக்கு விளையாட்டும் அப்படியே.

அடுத்தது, க.பொ.த. சாதாரண தரத்தில் பிள்ளை எடுக்கும் ஒன்பது பாடங்களைப் பாருங்கள். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை அங்கே தெரிவுப் பாடங்களாக இருக்கின்றன. அவற்றின் பெறுபேறும் சான்றிதழில்தான் வருகிறது. பல்கலைக்கழக அனுமதியிலும், உயர்தரத்தில் தேவையான சித்தியைப் பெற்று விளையாட்டிலோ கலையிலோ தேசிய மட்டத்தில் விசேட திறமை காட்டியவர்களுக்கென ஒரு சிறிய தனி ஏற்பாடு உண்டு. ஆகவே இவை படிப்புக்கு எதிரி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நம்முடைய சொந்த வரலாறு. 1930களிலும் 40களிலும் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத மக்களுக்கு உரிமை என்ற சொல் அந்தப் பாட்டு வழியாகத்தான் காதில் விழுந்தது. வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிஞர், அவரே தொழிற்சங்கவாதி, 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர். மலையில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் தேடிச் சேகரித்தவரும் அவரே. பாட்டும் பேச்சும் நம் சங்க வாழ்க்கைக்கு வெளியே இருந்த காலமே கிடையாது. இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் தலைவிமாரைப் பாருங்கள். துரைக்கு முன்னால் நின்று நடுங்காமல் பேசுகிறவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூட மாணவர் மன்றத்தில் முதன்முதலாக வாய் திறந்தவர்கள்? கையை உயர்த்துங்கள். (பலர் கை உயர்த்தினர்.) அதுதான் எங்கள் பதில்.

ஏன் நமக்கு மட்டும் இது புதிது?

நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு என்று இருந்த பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நகரத்துப் பிள்ளைக்கு மைதானமும் வாத்தியக் குழுவும் இருந்த காலத்தில் நம் பிள்ளைக்குக் கரும்பலகையே பெரிய விடயம். ஆகவே இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் பேண்ட் சத்தம் கேட்டால் நமக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையிலேயே சில இடங்களில் அளவைத் தாண்டிவிடுகிறோம். சில இடங்களில் இன்றும் சங்கீத ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ இல்லை. இரண்டையும் சங்கம் பார்க்கவேண்டும்.

அதே நேரம், நம் பிள்ளைகளுக்குக் கலை இல்லாமல் இருந்ததும் இல்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து, பிறகு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று லயத்து முற்றத்தில் விடிய விடிய ஆடிய மக்கள் நாம். தப்பு அடிக்கவும் அடவு போடவும் ரதியாக வேடம் கட்டவும் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே பழகினார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. இதைப் பிறகு திரும்பவும் எடுப்போம்.

ஒரு நாளின் கணக்கு

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று நாம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறோம். பிள்ளையின் நாளையும் அப்படியே நிறுத்துப் பார்ப்போம். தரம் 7இல் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளை ஒரு நாளில் 9 முதல் 12 மணிநேரம் தூங்கவேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை 8 முதல் 10 மணிநேரம். இது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் வீட்டில் அம்மா பெரட்டுக்குப் போகுமுன் சமைக்க எழும்பும்போதே, ஒரே காம்பராவில் படுக்கும் பிள்ளையும் எழும்பிவிடும். ஐந்து மணிக்கு எழும்பும் பிள்ளைக்கு ஒன்பது மணிநேரத் தூக்கம் வேண்டுமென்றால் இரவு எட்டு மணிக்குப் படுக்கவேண்டும்.

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். ஒன்றரையிலிருந்து எட்டுவரை ஆறரை மணிநேரம். மலைப்பாதையில் நடந்து வர ஒரு மணிநேரம் கழியுங்கள், மீதி ஐந்தரை. சாப்பாடு, குளிப்பு, வெள்ளை உடுப்பைத் துவைத்துப் போடுவது என்று ஒன்றரை மணிநேரம், மீதி நான்கு. வீட்டுப்பாடம் ஒன்றரை மணிநேரம், மீதி இரண்டரை. பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு, பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைக் கூட்டிவந்து பார்ப்பது என்று ஒரு மணிநேரம். கடைசியில் மிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒன்றரை மணிநேரம். ஐந்து நாளுக்கு ஏழரை மணிநேரம்.

இதிலே வாரத்துக்கு மூன்று நாள் மூன்று மூன்று மணிநேரம் பயிற்சி என்று மறித்தால் ஒன்பது மணிநேரம். கையில் இருப்பது ஏழரை. மேலதிகமாகப் போவது எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்து வருகிறது, அல்லது வீட்டுப்பாடத்திலிருந்து வருகிறது. அடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று ஆசிரியர் ஏசுகிறார். பிள்ளையில் குற்றமில்லை, கணக்கில்தான் குற்றம்.

வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம் என்றால் மூன்று மணிநேரம் போகும். மீதி நாலரை மணிநேரம் பிள்ளைக்குச் சொந்தம். கிட்டிப்புள்ளு, ரப்பர் பந்து, கொடியாட்டம், சும்மா இருப்பது எதுவானாலும் சரி. அந்தச் சும்மா இருக்கும் நேரமும் வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். பாடசாலை பக்கத்தில் இருந்தால் நேரம் கூடும். பஸ்ஸில் போனால் குறையும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

வயதுக்கு ஏற்ற அளவு

இளம் தேயிலைக் கன்றை நட்ட மறுநாளே யாரும் கொழுந்தெடுப்பதில்லை. வாதை வெட்டி, படரவிட்டு, அடி பலமான பிறகுதான் கை வைப்போம். பிள்ளைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஐந்து வயதுவரை: விளையாட்டுத்தான் பிள்ளையின் வேலை. முன்பள்ளியில் பாட்டுப் பாடட்டும், மண்ணில் உருளட்டும். போட்டி, பரிசு, மேடை ஒன்றும் தேவையில்லை. மேடை ஏறமாட்டேன் என்று அழுகிற பிள்ளையைத் தள்ளி ஏற்ற வேண்டாம்.

தரம் 1 முதல் 5 வரை: தினமும் ஓடியாடும் விளையாட்டு. ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்கள் சராசரியாகத் தினமும் ஒரு மணிநேரமாவது உடம்பை அசைத்து ஓடவேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதற்குமேல் ஒழுங்காக ஒரு செயற்பாடு போதும். அறநெறிப் பாடசாலையில் பஜனை, ஞாயிறு மறைக்கல்வியில் பாட்டு, பாடசாலையில் சித்திரம் என்று ஏதோ ஒன்று.

இங்கே புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான்காம் தரத்திலிருந்தே பிள்ளையின் சனியும் ஞாயிறும் டியூஷனுக்குப் போய்விடுகின்றன. சில பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளும் ஓய்வில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நீண்ட வேலைநாள். பரீட்சை முக்கியம்; சித்தியடைந்தால் உதவிப்பணம் கிடைக்கலாம், பெரிய பாடசாலைக்குப் போகலாம். ஆனால் தினமும் ஒரு மணிநேர விளையாட்டை நிறுத்தினால் மூளை வேகமாக ஓடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். டியூஷனும் பாடத்துக்கு வெளியே போகும் நேரம்தான். அதையும் கணக்கில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு முழுப் பின்னேரமாவது பிள்ளைக்கு விடுங்கள்.

தரம் 6 முதல் 9 வரை: தேடிப் பார்க்கும் வயது இது. உடம்புக்கு ஒன்று, வாய்க்கோ கைக்கோ ஒன்று என்று ஒரே நேரத்தில் இரண்டு போதும். கபடி, எல்லே, கரப்பந்தாட்டம், வலைப்பந்து ஒரு பக்கம். பேச்சு, பாட்டு, சித்திரம், நாடகம் இன்னொரு பக்கம். இந்த வயதில் பிடிக்காததை விடலாம், வேறொன்றைத் தொடலாம். ஒரேயொரு நிபந்தனை: தொடங்கியதை அந்தத் தவணை முடியும்வரை செய்துவிட்டு விடட்டும். குழுவில் சேர்ந்துவிட்டு நடுவில் விட்டால் மற்றப் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுவார்கள். சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முத்தையா முரளிதரனை எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தவர். பாடசாலையில் முதலில் அவர் மிதவேகப் பந்துதான் வீசினார். பயிற்றுநர் சொல்லி பதினான்கு வயதளவில்தான் சுழற்பந்துக்கு மாறினார். எட்டு வயதிலேயே பிள்ளையின் பாதையை முடிவுசெய்யத் துடிக்கும் தகப்பன்மார் இதைக் கவனிக்கவேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முரளியின் தகப்பனார் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தார். அவர் படித்தது நல்ல மைதானமும் பயிற்றுநரும் உள்ள பாடசாலை. "முரளி மாதிரி வா" என்று மகனிடம் சொல்லும்போது, முரளிக்குக் கிடைத்த மைதானத்தை நம் மகனுக்கு யார் கொடுப்பது என்றும் கேட்போம்.

தரம் 10, 11: இரண்டை ஒன்றாகக் குறைக்கலாம். முழுதாக நிறுத்தவேண்டாம். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பு போட்டிகளை விட்டுவிட்டு, பின்னேரம் அரை மணிநேரம் பந்து விளையாடுவதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அந்த அரை மணிநேரத்தையும் பிடுங்கினால் பிள்ளை அதைப் போனில் எடுத்துக்கொள்ளும்.

உயர்தரம்: பிள்ளையே முடிவுசெய்யும் வயது. நாம் கேட்கலாம், சொல்லலாம். கட்டளை இடும் காலம் முடிந்துவிட்டது.

சேர்க்குமுன் ஐந்து கேள்விகள்

பாடசாலையிலிருந்து கடிதம் வந்தாலும், பிள்ளையே வந்து கேட்டாலும், கையொப்பம் வைக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இதைக் கேட்பது யார்? பிள்ளையா, ஆசிரியரா, நாமா? பக்கத்து லயத்துப் பிள்ளை போகிறாள் என்பதற்காக நம் பிள்ளையை அனுப்புவது பிள்ளைக்காக அல்ல.

இரண்டாவது, தூக்கமும் வீட்டுப்பாடமும் தாங்குமா? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்.

மூன்றாவது, எப்படி வீட்டுக்கு வரும்? நம் பக்கத்தில் ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். சிறுத்தை நடமாடும் பாதைகள் இருக்கின்றன. ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்பதை விதியாக வையுங்கள். அதைத் தாண்டினால் பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும்.

நான்காவது, யாரோடு இருக்கும்? பயிற்சி கொடுப்பவர் யார், பாடசாலைக்குத் தெரிந்தவரா, கதவு திறந்த இடமா, தனியாக ஒரு பிள்ளையை மறிக்கிறாரா என்று பாருங்கள். பிள்ளை திடீரென்று "போகமாட்டேன்" என்றால் ஏசாமல் ஏன் என்று கேளுங்கள். தவறு ஏதும் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். மாதர் அணித் தலைவியிடமும் சொல்லுங்கள். மானம் போகும் என்று மூடிவைக்கவேண்டாம்.

ஐந்தாவது, எத்தனை பேர் செலவாகும்? ரூபாவில் சொன்னால் சின்னதாகத் தெரியும். பேரில் கணக்குப் பாருங்கள். சப்பாத்து எத்தனை பேர்? நடன உடுப்பு எத்தனை பேர்? அம்மா அந்தச் செலவுக்காக எத்தனை நாள் மலை ஏறவேண்டும்? அதற்குப் பிறகும் செய்யலாம் என்று தோன்றினால் மனதாரச் செய்யுங்கள். கடன்பட்டு, நுண்கடன் எடுத்து, நகையை அடகு வைத்துச் செய்யவேண்டாம். இல்லையென்று சொல்லவேண்டி வந்தால் பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். "உனக்குத் திறமை இல்லை" என்று சொல்லித் தப்பிக்கவேண்டாம். காசில்லை என்பது பிள்ளைக்கு விளங்கும். திறமை இல்லை என்ற சொல் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

பெண் பிள்ளைகளின் கணக்கு

நாம் போட்ட கணக்கில் ஒரு மணிநேரம் வீட்டு வேலை என்று எழுதினோம். உண்மையில் அது ஆண் பிள்ளைக்கு பத்து நிமிடம், பெண் பிள்ளைக்கு இரண்டு மணிநேரம். அண்ணன் பந்தோடு மைதானத்துக்குப் போகிறான். தங்கை ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். பெரியவளான பிறகு நடனமும் வலைப்பந்தும் நின்றுபோகின்றன. நன்றாக ஓடிய பிள்ளை தரம் 8இல் "சேர், வீட்டில் விடமாட்டார்கள்" என்று பெயரை வெட்டச் சொல்கிறது. இதைப் பல பாடசாலைகளில் ஆசிரியர்கள் எங்களிடம் சொன்னார்கள்.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது. அதற்குப் பாதையை ஒழுங்குபண்ணவேண்டும். பிள்ளையை நிறுத்துவது தீர்வாகாது. ஒரே டிவிசனில் ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து வரட்டும். முறைவைத்து ஒரு தகப்பன் போய்க் கூட்டிவரட்டும். வீட்டு வேலையை மகனுக்கும் பங்கு போடுங்கள். அவன் தேத்தண்ணி ஊற்றினால் கை தேயாது. மகளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணிநேரம்தான் நாளைக்கு இந்த மேடையில் பேசும் ஒரு தலைவியை உண்டாக்கும்.

கிளைகள் என்ன செய்யவேண்டும்?

பெற்றோர் தனித்தனியாகச் செய்யமுடியாததைச் செய்யத்தான் சங்கம் இருக்கிறது. நான்கு வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, பாடசாலையோடு பேசுதல். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நம் கிளையிலிருந்து ஒருவராவது தவறாமல் போகவேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, வாணி விழா, ஒளி விழா ஆகியவற்றுக்கு எப்போது பயிற்சி, எவ்வளவு நேரம், என்ன செலவு என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஒரு தவணைக்குள் எல்லாவற்றையும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டவேண்டாம் என்று மரியாதையோடு சொல்லுங்கள். நன்றாக ஆடும் நாலு பிள்ளைகளே எல்லா நிகழ்ச்சியிலும் நிற்பதும், மற்ற நாற்பது பிள்ளைகள் கைதட்டுவதும் சரியல்ல. உடுப்பைப் பாடசாலையே வைத்துக்கொண்டு வருடாவருடம் மாற்றிக் கொடுக்கலாம். பயிற்சி உள்ள நாளில் பிள்ளைக்கு மத்தியானச் சோற்றைக் கட்டிக் கொடுப்பது நம் பொறுப்பு. வெறும் வயிற்றோடு மூன்று மணிவரை ஓடவிடக்கூடாது.

இரண்டு, மைதானம். தோட்டத்து மைதானம் காடு பிடித்துக் கிடக்கிறதா, வேறு தேவைக்குப் போகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். மைதானத்தைத் துப்புரவாக்கித் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

மூன்று, ஆசிரியர். அழகியல் பாடத்துக்கும் உடற்கல்விக்கும் வெற்றிடம் உள்ள பாடசாலைகளின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் தரவேண்டும். சேர்த்து வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணத்துக்கும் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு.

நான்கு, நம் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குதல். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிநேரம், கோயில் முற்றத்திலோ வாசிகசாலையிலோ பிள்ளைகளைக் கூட்டுங்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகள் சதுரங்கமும் பேச்சும் சொல்லிக்கொடுக்கட்டும். காமன் கூத்து வாத்தியார் இருக்கிறாரா? தப்பு அடிக்கத் தெரிந்த தாத்தா இருக்கிறாரா? பழைய பாட்டுத் தெரிந்த அம்மாயி இருக்கிறாரா? அவர்களைக் கூப்பிடுங்கள். தப்பைத் தொடுவது கேவலம் என்று சாதிப் பேச்சுப் பேசுபவர்களுக்கு இடம் கொடுக்கவேண்டாம். அது நம் எல்லோருடைய வாத்தியம். இதற்குக் காசு தேவையில்லை. பிள்ளையும் ஐந்து மணிக்குமுன் வீட்டில் நிற்கும்.

கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் தரம் 9. தமிழ்த்தினப் போட்டியில் வலயத்தில் முதலாமிடம். மாகாணப் போட்டிக்குப் போக இரண்டு நாள் நான் கூடப் போகவேண்டும். இரண்டு பேர் போய்விடும். விடவா, அனுப்பவா?

பதில்: அனுப்புங்கள் அக்கா. வாராவாரம் வரும் செலவு வேறு. பிள்ளை உழைத்து வென்று வந்திருக்கும் வாசல் வேறு. எல்லாப் பிள்ளைகளின் தாய்மாரும் போகத் தேவையில்லை. இரண்டு தாய்மார் போனால் போதும். அவர்களுடைய பேரை மற்றவர்கள் பகிர்ந்து கொடுக்கலாம். மரணச் சடங்குக்கு லயத்தில் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு இதற்கும் சேர்க்கத் தெரியும். உங்கள் கிளைத் தலைவர் இங்கேயே இருக்கிறார். கூட்டம் முடியுமுன் அவரோடு பேசுவோம்.

கேள்வி: மகன் எந்த நேரமும் கிரிக்கெட். புத்தகத்தைத் தொடுவதில்லை. மட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பதில்: அண்ணன், மட்டை எரிந்துவிட்டது, புத்தகம் திறந்ததா? இல்லைதானே. கிரிக்கெட்டுக்கு நேரம் வையுங்கள். நாலரையிலிருந்து ஆறுவரை, முற்றத்திலோ பக்கத்து மைதானத்திலோ. அதற்குமுன் வீட்டுப்பாடம். பேச்சை நீங்களும் காப்பாற்றுங்கள். வீட்டுப்பாடம் முடிந்த நாளில் "இன்றைக்குப் போகாதே" என்று மறிக்கவேண்டாம். புதிய மட்டை ஒன்றும் வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு ஒன்றிலும் விருப்பமில்லை. எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிறான்.

பதில்: முதலில் தூக்கமும் சாப்பாடும் சரியா என்று பாருங்கள் தங்கச்சி. கண் பார்வை, காது இரண்டையும் சோதியுங்கள். பந்து தெரியாத பிள்ளை பந்து விளையாட விரும்பாது. அதெல்லாம் சரியென்றால் மேடையும் போட்டியும் பிடிக்காத பிள்ளையாக இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி கொடுங்கள், போஞ்சி போடட்டும். கோழி வளர்க்கட்டும். கதைப்புத்தகம் வாசிக்கட்டும். அதுவும் செயற்பாடுதான்.

கேள்வி: வேலைக்கு ஆள் குறைவு என்று லீவு நாளில் பிள்ளைகளைக் கொழுந்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அதையும் பழக்கம் என்கிறார்கள்.

பதில்: அதற்கு இடமேயில்லை. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாறுவரை கல்வி கட்டாயம். யாராவது கூப்பிட்டால் உடனே கிளைக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் பின்னேரம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை.

தோழர்களே, எட்டு மணிநேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பவை உலகத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றவை. அந்த அளவைப் பிள்ளைக்கும் வைப்போம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து, பாடசாலைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு அந்த ஒரு தாள் கணக்கை எழுதச் சொல்லுங்கள். மைதானக் கடிதமும் ஆசிரியர் வெற்றிடப் பட்டியலும் இந்த மாத முடிவுக்குள் சங்க அலுவலகத்துக்கு வந்து சேரவேண்டும்.